முக்குருத்தி: ஆறு பிறக்கும் முகடு

கோட்டூர்புரத்தில் வாழ்வோர்க்குத் தேசியப் பூங்கா என்றவுடன் அருகிலுள்ள கிண்டியே நினைவுக்கு வரும். 1978ஆம் ஆண்டு அத்தகுதி பெற்ற அக்காடு, மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடையது. நகரச் சாலைகளால் சூழப்பெற்றது. அதே தகுதியுடைய மற்றொரு பூங்கா, நீலகிரியின் மேற்கு விளிம்பில், எளிதில் எவரும் சென்றடைய இயலாத உயரத்தில் உள்ளது. அதுவே முக்குருத்தி. அம்மலைக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு என வினவலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முக்குருத்தி முகடு கடல்மட்டத்திற்கு மேல் 2,554 மீட்டர் உயரமுடையது. மூக்குப் போன்ற தோற்றத்தினால் 'மூக்கறுத்தி' எனப் பெயர் பெற்றுப் பின்னர் மருவிற்று என்பர். இறந்தோரின் உயிர் இம்முகட்டிலிருந்தே மறுவுலகு செல்லும் எனத் தோடர்கள் நம்பியதாகப் பழைய குறிப்புகள் கூறும். இதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர் நிலம், வரையாட்டைக் காக்கும் பொருட்டு 1982இல் சரணாலயமாகவும், 1990இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பெற்றது. சங்கச் சான்றோர் 'வருடை' எனச் சுட்டிய விலங்கே இவ்வரையாடு என்பது அறிஞர் கருத்து. இன்று இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எஞ்சியிருந்தவை 1,031 மட்டுமே.

இம்மலையின் சரிவுகளில் புல்வெளியும், மடிப்புகளில் குறுமரங்கள் அடர்ந்த சோலையும் மாறி மாறி அமைந்துள்ளன. மழைக்காலத்து நீரைப் புல்லின் வேர்களும் பள்ளத்துச் சதுப்புகளும் உறிஞ்சித் தேக்கிக் கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. அவ்வாறு பிறப்பதே பைக்காரா ஆறு. அது மோயாறாகிப் பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. பவானியோ, அப்பெயருடைய ஊரில் காவிரியை அடைகிறது. காவிரி நீர் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிறைக்கிறது. 2004 முதல் அவ்வேரி நீரின் ஒரு பகுதி குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. நம் குடத்து நீரில் முக்குருத்தியின் மழைத்துளியும் கலந்திருக்கக்கூடும் என்பது வெறும் கற்பனையன்று.

ஆயினும் அப்புல்வெளிக்குக் கேடு சூழ்ந்துள்ளது. 'மரமற்ற நிலம் பயனற்ற நிலம்' எனக் கருதிய முன்னோர், தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலியச் சீகை மரங்களையும் தைல மரங்களையும் நட்டனர். சீகையின் விதை மண்ணுள் பல்லாண்டு உறங்கி மீண்டும் முளைக்கும். ஆதலின் வெட்டினும் அது எளிதில் ஒழிவதில்லை. அது பரவப் பரவப் புல் அழிகிறது, புல் அழிய வரையாடு மேயும் நிலம் சுருங்குகிறது, ஊற்றும் தளர்கிறது. வனத்துறையினர் அயல் மரங்களை அகற்றிப் புல்லை மீட்க முயன்று வருகின்றனர்.

மரம் நடுதல் அறமே. எனினும், எந்நிலத்தில் எதனை நடுவது என்று அறிதல் அதனினும் பெரிய அறம். முக்குருத்தியை நாம் நேரிற் காணாதிருக்கலாம். ஆனால் அதன் புல் வாடினால், அதன் வறட்சி தொலைவிலுள்ள நம் வாயிலையும் ஒருநாள் வந்தடையும்.