போர்ட்லண்டு முனையும் கரையோரக் கடல்வழியும்

ஆங்கிலக் கவி வில்லியம் வோர்ட்ஸ்வொர்த்தின் தம்பி ஜான் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்றலைவருள் ஒருவர். அவர் வங்காளத்திற்கும் சீனத்திற்கும் புறப்பட்ட ‘எர்ல் ஆஃப் அபெர்கவெனி’ என்னும் பெருங்கப்பலோடு 1805-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையில் மாண்டார். அன்று உயிர் நீத்தார் தொகை 250-க்கு மேலாம். கவியின் இரங்கற் பாடல்களைப் பயில்வோர் இச்செய்தியை அறிவர். கப்பல் கெட்ட விதத்தை அறிந்தவர் சிலரே. அதனைப் பாறையின்மேற் செலுத்தியது புயலன்று. துறைமுகத்துள் நுழையும் தறுவாயிற் காற்று ஓய்ந்தது. கடலின் நீரோட்டம் அதனை ‘ஷாம்பிள்ஸ்’ என்னும் திட்டின்மேற் கொண்டு மோதியது.

அத்திட்டுக்கு மேற்கே உள்ளது டார்செட் நாட்டுப் போர்ட்லண்டு முனை. நான்கு மைல் நீளமான கற்பாறை நிலம் ஒன்று தெற்கு நோக்கிக் கடலுள் நீண்டு கிடக்கின்றது. அதன் நுனியில் 1906 முதல் ஒளிவீசும் கலங்கரை விளக்கம் நிற்கின்றது. நுனிக்கு அப்பாலும் பாறை முடிந்துவிடவில்லை; நீருக்கடியில் ஒரு மைலுக்கு மேல் தொடர்கின்றது.

கடல் பெருகுங்கால் நீர் கிழக்கேயும், வற்றுங்கால் மேற்கேயும் ஓடும். நம் பரதவர் ‘நீவாடு’ என்று கூறும் இவ்வோட்டம் திறந்த கடலில் அமைதியாகச் செல்வது. இங்கோ நீண்ட நிலம் அதனை மறிக்கின்றது. இரு பக்கத்து விரிகுடாக்களிலும் நீர் சுழன்று திரும்பி, பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்பது மணி அளவும் நிலத்தின் இரு மருங்கிலும் தெற்கு நோக்கியே பாய்கின்றது. அந்நீர் நுனியிற் பேரோட்டத்தொடு கலந்து, மறைந்த பாறையின்மேல் ஏறிக் கொந்தளிக்கின்றது. அக்கொந்தளிப்பை மாலுமிகள் ‘ரேஸ்’ என்பர். அமாவாசை பௌர்ணமியை அடுத்த நாட்களில் ஓட்டம் மணிக்கு ஏழு கடல் மைல் அளவும் செல்லும். ஐந்து மைல் வேகமுள்ள சிறு பாய்ப்படகு அதனை எதிர்த்து என் செய்யும்? காற்று ஓட்டத்திற்கு எதிரே வீசுமாயின் அலைகள் சுவர்போல் நிமிர்ந்து உடையும்.

ஆகவே வழி இரண்டு. கடலுள் நெடுந்தூரம் விலகிச் சுற்றுவது ஒன்று. கரையை ஒட்டிச் செல்வது மற்றொன்று. பாறைக்கு அஞ்சி இடைத்தூரத்திற் செல்வோமெனின் நேரே கொந்தளிப்பினுள்ளேயே புகுவோம். கரைக்கும் கொந்தளிப்புக்கும் நடுவே சுமார் அரை மைல் அகலத்தில் ஓரளவு அமைந்த நீர் உண்டு. பாறையை நெருங்குதலே இங்குப் பாதுகாப்பு என்பது கேட்பார்க்கு வியப்பாகலாம்.

எனினும் அவ்வழி எப்பொழுதும் திறந்திராது. மேற்கே செல்வோர் டோவர் துறையில் நீர் நிறையும் நேரத்தை அட்டவணையிற் பார்த்து, அந்நேரத்தை ஒட்டி முனையைச் சேருமாறு புறப்படுவர். மேற்கு நோக்கிய ஓட்டம் அப்பொழுதுதான் தொடங்கும். கிழக்கே செல்வோர்க்கு வேறு நேரம். யாவரும் முனையை நேரே குறிவைத்தலாகாது. அதற்கு இரண்டு மைலேனும் வடக்கே கரையை அணைந்து, தெற்கே ஓடும் நீரோடு இறங்கி வருதல் வேண்டும். அவ்வாறன்றி நேரே வருபவரை ஓட்டம் பக்கவாட்டில் இழுத்துக் கொந்தளிப்பில் தள்ளிவிடும்.

நண்டும் கல்லிறாலும் பிடிக்கும் கூடுகளின் மிதவைகள் அவ்வழியில் மிகுதி. அவற்றின் கயிறு இயந்திரத்தின் விசிறியிற் சிக்கினால், படகு அன்றைய பெருங்கப்பலின் நிலையையே அடையும்: செல்லும் வலிமை இல்லை, நீரோ நிற்பதில்லை. ஆதலின் இரவிலும், பலத்த காற்றிலும் அனுபவமுடையோர் இவ்வழியை நாடார். காற்று மெலியக்கூடும் என்று தோன்றினால், இயந்திரம் செவ்வையாக இயங்குகின்றதா என்பதை முனையை அணுகுமுன்னரே பார்த்துக்கொள்வர். நேரம் தவறியவர்கள் வேமவுத் துறையிலே நங்கூரமிட்டு, அடுத்த முறை நீர் திரும்பும்வரை ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் காத்திருப்பர்.