ஒரே பிஎம்டபிள்யூ... செங்கல்பட்டில் செய்தால் ஒரு விலை, ஜெர்மனியிலிருந்து வந்தால் ஒரு விலை! ஏன் இந்த வித்தியாசம்? எதை வாங்கலாம்?

சனி, ஞாயிறு வந்தாலே ஈசிஆரில் சொகுசு கார்களின் அணிவகுப்புதான். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் வந்து நிற்கும் 2 பிஎம்டபிள்யூ கார்களில் ஒன்று ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்திருக்கலாம். இன்னொன்று, செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே பூட்டப்பட்டதாக இருக்கலாம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விலையைக் கேட்டால்தான் தெரியும்.

செங்கல்பட்டில் என்ன நடக்கிறது?

மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ம் ஆண்டு முதல் பிஎம்டபிள்யூ ஆலை இயங்குகிறது. வெளிநாட்டிலிருந்து உதிரி பாகங்களாக வரும் காரை இங்கே பூட்டுகிறார்கள். இதற்குப் பெயர் 'சிகேடி'. இருக்கை, கதவு பேனல் போன்ற பாகங்களை இந்தியாவிலேயே வாங்குகிறார்கள். எஞ்சினைப் பூட்டித் தருவது ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம்.

முழு காராகவே இறக்குமதி ஆனால் அது 'சிபியு'.

விலை ஏன் இவ்வளவு எகிறுது?

காரணம் வரிதான்.

* 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காரை முழுதாக இறக்கினால் வரி 110%. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு இது 70% சுங்க வரி, 40% வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று பிரிந்திருக்கிறது.
* உதிரி பாகங்களாக வந்தால் அடிப்படை சுங்க வரி 15%தான். ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ் ஏற்கெனவே பூட்டிய நிலையில் வந்தால் 35%. எஞ்சினை இங்கேயே பூட்டுவதன் லாபம் இப்போது புரியுதா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். துறைமுகத்துக்கு வரும்போது பெட்ரோல் காரின் மதிப்பு ரூ.50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 110% வரி சேர்ந்தால் ரூ.1.05 கோடி. அதன் மேல் 40% ஜிஎஸ்டி போட்டால் ரூ.1.47 கோடி! அதே மதிப்புக்கு 15% சுங்க வரி என்றால், ஜிஎஸ்டியோடு சேர்த்து சுமார் ரூ.81 லட்சம்தான்.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20%. இன்சூரன்ஸ் பிரீமியமும் காரின் மதிப்பை வைத்துத்தான். அதாவது, விலை ஏற ஏற இவையும் கூடவே ஏறும்.

நிஜ உதாரணம் இருக்கா?

இருக்கு. 2023 செப்டம்பரில் ஐஎக்ஸ்1 மின்சார கார் முழு இறக்குமதியாக வந்தபோது விலை ரூ.66.90 லட்சம். 2025 ஜனவரியில், நம்ம ஆலையில் பூட்டிய 'லாங் வீல்பேஸ்' ஐஎக்ஸ்1 வெறும் ரூ.49 லட்சத்துக்கு அறிமுகமானது. கிட்டத்தட்ட ரூ.18 லட்சம் குறைவு!

ஆனால், இங்கேதான் கவனம் தேவை. இரண்டும் அச்சு அசல் ஒரே கார் இல்லை. இறக்குமதி ஆன காரில் 2 மோட்டார், 313 குதிரைத்திறன். இங்கே செய்ததில் ஒரே மோட்டார், 204 குதிரைத்திறன். பதிலுக்கு, பின் சீட்டில் கால் நீட்ட இடம் அதிகம். ஆக, ரூ.18 லட்சமும் வரியால் மட்டும் குறைந்ததில்லை.

சரி, எதை வாங்கலாம்?

குடும்பத்தோடு போக, தினமும் ஓட்ட என்றால் இங்கே பூட்டிய காரே லாபம். 'வெளிநாட்டில் செய்தால்தான் தரம்' என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி காருக்குப் போவதில்லை, வரிக்குத்தான் போகிறது. இங்கே பூட்டப்படாத மாடல்தான் வேண்டும் என்றால் இறக்குமதி தவிர வேறு வழியில்லை.

புக் செய்வதற்கு முன் ஷோரூமில் இந்த 3 கேள்விகளைக் கேளுங்க:

1. இந்த வேரியன்ட் சிகேடியா, சிபியுவா?
2. வெளிநாட்டு மாடலில் இருக்கும் எந்தெந்த வசதி இதில் இல்லை?
3. கண்ணாடி, பம்பர் உடைந்தால் பாகம் வர எத்தனை நாள் ஆகும்?

மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க!