உப்பு வணிகரும் ஆய்வாளர் மனமும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்குரிய சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் உப்புக் குறவர்’ என்றொரு பெயர் உண்டு. பெயரே தொழிலைச் சொல்கிறது. கடற்கரை உப்பை மாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொணர்ந்து, தானியத்துக்கு மாற்றிய வணிகர் மரபு அது. 1860களில் சேலம் வழியே புகைவண்டி ஓடத் தொடங்கியபின் அவ்வாணிகம் நலிந்தது. எனினும், காவல் அதிகாரி முல்லாலி 1892இல் எழுதிய நூலிலும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் குறவரைக் குறித்து முன்னிற்பது வணிகமன்று, குற்றமே.

இவர்கள் வேண்டுமென்றே பொய்யுரைத்தனர் என நாம் கருதவில்லை. நிலைத்து வாழ்வோருக்கு அலைந்து திரிவோர்மீது ஓர் அச்சமுண்டு. தம்முள் அஃது இருப்பதை அவர்களே அறியார். ஆய்வுப்பொருள் எழுப்பும் அச்சத்தைத் தணித்துக்கொள்ளவே ஆய்வாளன் பலவேளை தன் ஆய்வுமுறைக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறான் என்று 1967இல் விளக்கினார் உளப்பகுப்பாய்வாளர் ஜார்ஜ் டெவரோ. தர்ஸ்டனின் கையிலிருந்ததோ அளவுகோல். தம்மைப் பாடம்செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்றஞ்சி வயநாட்டுப் பணியர் பெண்கள் ஓடியதை அவரே எழுதியுள்ளார். வேடிக்கையாகத்தான் எழுதினார். அப்பெண்கள் அவரது பார்வையைச் சரியாகவே அளந்துவிட்டனர் என்று நமக்குத் தோன்றுகிறது.

நிறுவனத்துக்கும் இத்தகைய உள்மனம் உண்டு. காவல் நிலையப் பதிவேடு அகப்பட்டவரை மட்டுமே அறியும். அதையே சான்றாகக் கொண்ட நூலில் அகப்பட்டவரின் செயல் இனத்தின் இயல்பாயிற்று. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பதிவேடுகள் மேலும் பருத்தன. சென்னை அரசு 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

ஒரு கருத்தின்பால் சாய்ந்துவிட்ட மனம் அதற்கு இசைந்த செய்தியை உடனே ஏற்கும். அச்சாய்வே அகக்கண்ணை மறைக்கும் திரை என்று 1377இல் முகத்திமாவில் எழுதினார் இப்னு கல்தூன். ஹதீஸ் கலை அறிவிப்பாளரைப் பிறர் ஆராயச் செய்தது. டெவரோ, அறிவிப்பாளரே தம்மை ஆராய வேண்டுமென்கிறார். இது கடினமானது.

நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைக்கு வினாத்தாளோடு செல்லும் மாணவரை எண்ணிப் பாருங்கள். முதலாளியின் அறையில் அமர்ந்து அவர் கேட்பது, ‘தொழிலாளர் ஏன் அடிக்கடி வேலையை விட்டுப் போகின்றனர்?’ என்பதே. ‘பட்டறை ஏன் அவர்களைத் தக்கவைக்கவில்லை?’ என்னும் வினா அந்நாற்காலியில் அமர்ந்தவருக்கு எளிதில் தோன்றுவதில்லை.