கால்விரல் காயத்துக்கு 252 குறியீடுகள்

சமையலறைக் கத்தி கை நழுவி இடது கால் கட்டைவிரலில் விழுகிறது. சதை கிழிந்து, நகமும் பிளந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஒருவர் இந்தக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனால், டாக்டர் தையல் போட்டு அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர, அந்தக் காயத்துக்கு ஒரு குறியீடு வேண்டும். இந்தக் காயத்துக்கு உரியது எஸ்91.212ஏ. அந்தக் குறியீட்டைப் போடுபவர் சென்னையில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்துக் குறியீடு போடும் ‘மெடிக்கல் கோடிங்’ இங்கே பெரிய வேலைவாய்ப்பு. நர்சிங், பிசியோதெரபி, மைக்ரோபயாலஜி படித்த பலர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2015 செப்டம்பர் வரை புழக்கத்தில் இருந்தது ஐசிடி-9-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறை. அதில் கால்விரலின் திறந்த காயத்துக்கு மூன்றே குறியீடுகள்: சிக்கல் இல்லாத காயம் 893.0, சிக்கலான காயம் 893.1, தசைநாணும் பாதிக்கப்பட்ட காயம் 893.2. எந்தக் கால், எந்த விரல் என்ற கேள்வியே கிடையாது. 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் நடைமுறைக்கு வந்தது. மூன்று இருந்த இடத்தில் இப்போது 252.

252 வந்த கணக்கு

வெளிப்பொருள் உள்ளே தங்காத கிழிசல், தங்கிய கிழிசல், வெளிப்பொருள் தங்காத குத்துக்காயம், தங்கிய குத்துக்காயம், கடிக்காயம், வகை சொல்லப்படாத காயம் என்று ஆறு வகை. ஒவ்வொன்றிலும் நகம் பாதிக்கப்பட்டதா, இல்லையா என இரண்டு. இடம் ஏழு: கட்டைவிரல் என்றால் வலது, இடது, பக்கம் சொல்லப்படாதது என மூன்று, மற்ற விரல்களுக்கும் அதேபோல மூன்று, எந்த விரல் என்றே தெரியாவிட்டால் ஒன்று. கடைசியில் சிகிச்சைக் கட்டம் மூன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் 252.

எஸ்91.212ஏ குறியீட்டைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். எஸ்91 என்றால் கணுக்கால், பாதம், கால்விரல்களில் ஏற்பட்ட திறந்த காயம். புள்ளிக்கு அடுத்த 2, விரலில் நகமும் சேதம் என்கிறது. அடுத்த 1, வெளிப்பொருள் தங்காத கிழிசல். அதற்கடுத்த 2, இடது கட்டைவிரல். கடைசி எழுத்தான ‘ஏ’ சிகிச்சைக் கட்டத்தைக் குறிக்கிறது. கத்தி பட்டுத்தான் காயம் என்பதைச் சொல்ல டபிள்யூ26.0எக்ஸ்எக்ஸ்ஏ என்று தனிக் குறியீடு உண்டு. ஆனால் காரணத்தைச் சொல்லும் குறியீடு ஒருபோதும் முதலில் வரக்கூடாது.

புதிதாக வரும் கோடர்கள் சறுக்குவது அந்தக் கடைசி எழுத்தில்தான். ‘ஏ’ என்றால் முதல் தடவை வந்தவர், ‘டி’ என்றால் மறுபடி வந்தவர் என்று எண்ணிவிடுகிறார்கள். விதி அப்படி இல்லை. காயத்துக்கு நேரடி சிகிச்சை நடக்கும் வரை, எத்தனை தடவை வந்தாலும், டாக்டரே மாறினாலும், ‘ஏ’தான். காயம் ஆறிவரும் கட்டத்தில், தையல் பிரிக்க வரும்போது ‘டி’. ஆறிய பிறகு தழும்பு போன்ற பின்விளைவுக்காக வந்தால் ‘எஸ்’.

கால்விரலில் அடிபட்டதெல்லாம் எஸ்91 ஆகிவிடாது. தோல் கிழியாமல் கன்றிப் போனால் எஸ்90. எலும்பு முறிந்து காயத்தின் வழியே திறந்திருந்தால் எஸ்92. நசுங்கினால் எஸ்97. விரலே துண்டாகிவிட்டால் எஸ்98.

காயமா, புண்ணா?

பெரிய சிக்கல் சர்க்கரை நோயாளிகளிடம் வருகிறது. அவர்களுக்குக் கத்தி பட்டாலும் அது எஸ்91தான். கூடவே சர்க்கரை நோய்க்கு இ11.9 போன்ற ஒரு குறியீடு சேரும். ஆனால் விரலில் ஆறாத புண் என்று டாக்டர் எழுதினால் கதை வேறு. முதலில் இ11.621, அதாவது இரண்டாம் வகைச் சர்க்கரை நோயால் வந்த பாதப் புண். அதற்கடுத்து புண் எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்லும் எல்97 வரிசை. வலது கால்விரல் புண்ணில் கொழுப்புப் படலம் தெரிந்தால் எல்97.512. எலும்பே அழுகியிருந்தால் எல்97.514.

சர்க்கரை நோயும் பாதப் புண்ணும் ஒரே சார்ட்டில் இருந்தால், டாக்டர் மறுத்து எழுதாத வரை, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே கோடர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘காயம்’ என்று எழுதியிருப்பதைப் புண் என்று அவராக மாற்ற முடியாது. பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு ஆணி குத்தியதே தெரிவதில்லை. காயம் வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். அது எப்போது புண்ணானது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆழத்தை நர்ஸின் குறிப்பிலிருந்து எடுக்க விதி இடம் தருகிறது. நோயின் பெயரை எடுக்க இடமில்லை.

பெயர் இல்லாத நான்கு விரல்கள்

இத்தனை நுணுக்கம் பார்க்கும் இந்த முறைக்கு இரண்டாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் வித்தியாசம் தெரியாது. கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் ஒரே இலக்கத்தில் அடங்கிவிடுகின்றன. எல்97 வரிசையில் கட்டைவிரலுக்குக்கூடத் தனி இடமில்லை. ‘பாதத்தின் பிற பகுதி’ என்பதற்குள் எல்லா விரல்களும் போய்விடும். ஆனால் சிகிச்சைக்கான பில்லில் பத்து விரலுக்கும் பத்து அடையாளங்கள் உண்டு: இடது கட்டைவிரலுக்கு டிஏ, அதிலிருந்து இடது சுண்டுவிரல் வரை டி1 முதல் டி4, வலது கட்டைவிரலுக்கு டி5, சுண்டுவிரலுக்கு டி9. நோய்க் குறியீடு வலது காலைச் சொல்லி, பில் இடது காலைச் சொன்னால் கிளெய்ம் திரும்பி வர அதுவே போதும்.

எழுதாததும் குறியீடாகும்

‘கால்விரலில் காயம், கட்டுப் போடப்பட்டது’ என்று மட்டும் சார்ட்டில் இருந்தால் கோடர் போய் நிற்கும் இடம் எஸ்91.109ஏ. வகை தெரியாது, விரல் தெரியாது, பக்கம் தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது நகம். நகத்தைப் பற்றி டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறியீட்டின் பொருள் ‘நகத்துக்குச் சேதமில்லை’ என்பது. எழுதாமல் விட்டது பதிவேட்டில் ஒரு மருத்துவ உண்மையாக ஏறிவிடுகிறது.

இதைத் தவிர்க்கக் கோடருக்கு உள்ள ஒரே வழி, டாக்டருக்கு ‘குவெரி’ அனுப்பி விளக்கம் கேட்பது. அதிலும் விடையை ஊட்டிவிடும் கேள்வி கூடாது. பதில் வரும்வரை பில் காத்திருக்கும். எந்தக் கால், எந்த விரல், நகம் எப்படி, உள்ளே ஏதாவது தங்கியதா, எதனால் வந்தது என்று டாக்டர் முதலிலேயே ஒரு வரி எழுதியிருந்தால், 252-இல் சரியானதைத் தேடி எடுக்க அனுபவமுள்ள கோடருக்கு ஒரு நிமிடம் ஆகாது.