தெருவும் கேமராவும் – 9: தடியடிக்கு முந்தைய நாட்கள்

போராட்டத்தைப் படமெடுக்கப் போகிறவர் கலவர நாளில் மட்டும் போனால் போதாது. ஒன்றுமே நடக்காத நாட்களில்தான் அவர் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். இடிந்தகரையையே எடுத்துக்கொள்வோம். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011 ஆகஸ்டில் அங்கே மக்கள் திரண்டபோது, ஃபுகுஷிமா விபத்து நடந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும். மூன்று நாள் கழித்து ஊரே கடலில் இறங்கி நின்றது. வெளியூர்க்காரர்கள் மனதில் தங்கிய படங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தவை. அதற்கு முந்தைய ஓராண்டு முழுக்க லூர்து மாதா கோயில் முன்பிருந்த பந்தலில் பெண்கள் பீடி சுற்றியபடி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும் நூலும். காது மேடைப் பேச்சில் இருக்கும், விரல் நிற்காது. வெளிநாட்டுப் பணத்தால் நடக்கும் தொண்டு நிறுவனங்களே இந்தப் போராட்டத்தின் பின்னால் இருப்பதாக 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங்கே பேசினார். அந்தக் குற்றச்சாட்டை ஒரு படம் பொய்யென்று நிரூபித்துவிடாது. ஆனால், அன்றைய கூலியை விட முடியாமல் வேலையைப் பந்தலுக்கே தூக்கி வந்தவரைப் பார்த்த பிறகு, அவர் யாரோ தூண்டிவிட்டு வந்தவர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

மோதல் படங்கள்தானே சாட்சியம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் வேன் மேல் ஏறித் துப்பாக்கியைக் குறிவைத்த சீருடையில்லாத காவலரின் காட்சி பதிவாகியிராவிட்டால், துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய விவாதமே வேறு மாதிரி போயிருக்கும். அந்தப் பதிவைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்பின் நூறாவது நாள். முந்தைய 99 நாட்களும் குமரெட்டியாபுரத்தில் மக்கள் அமைதியாக உட்கார்ந்திருந்ததை வெளியூர் வாசகர் எத்தனை படங்களில் பார்த்தார்? அதைப் பார்க்காதவருக்குக் கல்லும் புகையும் மட்டுமே மிஞ்சுகின்றன. எல்லாம் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடுகிறது. மக்கள் எதற்காக வந்தார்கள் என்பது படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

கூடவே இருந்தால் நடுநிலை போய்விடும் என்பது அடுத்த ஆட்சேபம். கலவரத்தன்று மட்டும் வந்து போலீஸ் தடுப்புக்குப் பின்னால் நின்று எடுப்பவரும் ஓரிடத்தில் நின்றுதான் எடுக்கிறார். தன் இடம் எது என்று அவர் சொல்வதில்லை, அவ்வளவுதான். கூடங்குளத்தைத் தொடர்ந்து படமெடுத்த அமிர்தராஜ் ஸ்டீபன் அந்த வட்டாரத்துக்காரர். அதை அவர் மறைத்ததும் இல்லை. உள்ளூர்க்காரர் என்பதாலேயே ஒருவர் உண்மையைத் திரித்துவிடுவார் என்று நான் நம்பவில்லை. அணுமின் நிலையத்தில் கிடைக்கும் வேலையை நம்பியிருந்தவர்கள், போராட்டத்தில் சேராமல் ஒதுங்கி நின்றவர்கள் என ஊருக்குள்ளேயே இருக்கும் பிளவும் நாள்கணக்கில் இருப்பவர் கண்ணில்தான் படும். அதையும் எடுக்க வேண்டும் என்பதே அவரிடம் நாம் வைக்கக்கூடிய கறாரான நிபந்தனை.

முகங்களைக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. கூடங்குளம் போராட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோகப் பிரிவில் வழக்குகள் பாய்ந்தன. அணு உலைக்குத் தடையில்லை என்ற 2013 மே தீர்ப்பில், குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் தெளிவாக விழுந்த ஒரு முகம் நாளை வழக்குக் கட்டில் போய்ச் சேரலாம். அதற்காக எல்லா முகத்தையும் மங்கலாக்கினால், தன் உரிமையைக் கேட்டு வந்தவர் ஏதோ குற்றவாளி போலத் தெரிவார். இதற்குப் பொது விதி கிடையாது. யாருக்குப் பாஸ்போர்ட் தேவை, யார் பிள்ளை அரசு வேலைக்கு எழுதுகிறது என்பது அங்கேயே இருப்பவருக்குத்தான் தெரியும். கோஷம் போடும் வேகத்தில் ஒருவர் தலையசைத்துவிடுவார். வழக்கு வந்தபின் அந்தச் சம்மதம் செல்லாது. படம் அச்சுக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குப் போய் இன்னொரு முறை கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் எவ்வளவு நல்ல படமானாலும் எடுத்து வைத்துவிட வேண்டும்.