மூன்று பேருக்கு ஒரு தட்டு

அக்கா கோவையிலிருந்து வந்தாள், தம்பி பெங்களூரிலிருந்து, நான் சென்னையிலிருந்து. ஒரு சனிக்கிழமை விடிகாலை மதுரை ஜங்ஷன் வாசலில் சேர்ந்தோம். கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று எந்தக் காரணமும் இல்லாமல், அவரவர் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூவர் மட்டும் கூடியது பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல்முறை.

"எந்தக் கடையிலும் ஒண்ணுக்கு மேல வாங்கக் கூடாது. ஒரு தட்டு, மூணு பேரு" என்று அக்கா ஆட்டோவிலேயே சட்டம் போட்டுவிட்டாள். சின்ன வயதில் ஒரு பொட்டலம் பக்கோடாவை எங்களுக்குப் பங்கு வைத்ததும் அவள்தான். மதுரையைச் சாப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. இங்கே பொழுதுக்கு ஒரு பண்டம். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டவர்களுக்கு மற்றதெல்லாம் நஷ்டம்.

நான்கு வகைச் சட்னியோடு இட்லி. அடுத்து, தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்துப் பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருகிறார்கள். தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தான். பிறகு டம்ளரைத் திருப்பித் தரவே இல்லை.

திருமலை நாயக்கர் மகாலுக்கு அப்பா எங்களை ஒருமுறை கூட்டி வந்திருக்கிறார். அப்போது மூவரும் கைகோத்து ஒரு தூணைக் கட்டிப் பார்த்தோம், எட்டவில்லை. இப்போது எட்டிவிடும். ஆனால் தூண்களில் கண்டவர்களும் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்த அக்கா, "நாமளும் கை வைக்க வேணாம்டா" என்று தடுத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய கால் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோனார். மிச்சமிருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் பழுதுபார்க்கச் செய்தார். தப்பிப் பிழைத்த அந்தச் சுதையில் ஆணியால் பெயர் எழுத எப்படித்தான் மனசு வருகிறதோ!

மதியம் கறி தோசை. அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. மூன்று பேருக்கு ஒன்று போதவில்லை. சட்டத்தை மீறி இன்னொன்று வாங்கியது அக்காவேதான்.

காந்தி அருங்காட்சியகத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் 1959இல் அருங்காட்சியகமானது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில், மேலமாசி வீதி வீட்டில்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

மதியம் சாத்தியிருக்கும் மீனாட்சியம்மன் கோயில் நடை மாலை நான்கு மணிவாக்கில் திறக்கும். நாங்கள் அவசரப்படவில்லை. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் தாங்கிய வீதிகள். மல்லிகை வாசமும் வடைச் சட்டியின் புகையுமாக அவற்றில் நடப்பதே ஒரு சுகம். முள்முருங்கை வடை ஒன்றை மூன்றாகப் பிய்த்தோம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. வற்றக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஒரே டம்ளரில் மூன்று ஸ்பூன். அடியில் தங்கிய கடைசி வாய்க்காக ஒரு காலத்தில் அடித்துக்கொண்டிருப்போம். "நீயே சாப்பிடுடா" என்று அக்கா சொல்ல, தம்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

இரவு பள்ளியறை பூஜை. சுந்தரேசுவரரின் பாதங்கள் பல்லக்கில் அம்மன் சன்னிதிக்குப் போகின்றன. உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லாததால் யாரும் படமெடுக்க முண்டியடிக்கவில்லை. நாதஸ்வரம் ஓய்ந்த பிறகும் மூவரும் பொற்றாமரைக் குளத்துப் படியில் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்பா இதே படியில் பொரி வாங்கித் தந்தார் என்றாள் அக்கா. சுண்டல் என்றான் தம்பி. எனக்கு அவர் தோளில் தூங்கிப்போனது மட்டும்தான் ஞாபகம்.

உங்கள் அக்காவோ தம்பியோ வேறு ஊரில் இருந்தால் இந்த வாரமே கூப்பிட்டுத் தேதி கேளுங்கள். எங்கள் மூவருக்கும் தேதி ஒத்துவரப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது.