கார் கதவில் ஒரு கோடு: பாலிஷா, பெயின்ட்டா, இன்சூரன்ஸா?

காலை எட்டரை மணி. லிஃப்டில் இறங்கி பார்க்கிங்குக்கு வந்து சாவியை அழுத்தும்போதுதான் கண்ணில் படுகிறது. டிரைவர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. ராத்திரி நிறுத்தும்போது இல்லை. பக்கத்தில் நின்ற பைக் இப்போது அங்கே இல்லை. வாட்ச்மேனைக் கேட்டால், "நான் பார்க்கலையே சார்" என்கிறார்.

ஆபீஸ் குரூப்பில் போட்டோ போட்டால் பத்தே நிமிடத்தில் வைத்தியங்கள் வரிசைகட்டும். "டூத்பேஸ்ட் தேய்ங்க ப்ரோ", "டச்-அப் பேனா வாங்குங்க", "எதுக்கு டென்ஷன், க்ளெய்ம் போட்ருங்க".

நகரத்தில் கார் வைத்திருப்பவர்களில் இப்படி ஒரு காலையைப் பார்க்காதவர்கள் குறைவு. வந்த மூன்று யோசனைகளும் சில கீறல்களுக்குச் சரி, சிலவற்றுக்குத் தவறு. எதற்கு எது என்பதை முடிவு செய்வது கீறலின் நீளம் அல்ல, ஆழம். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவசரப்பட்டால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரங்களுக்குப் போய்விடும்.

ஒரு தாள் தடிமனில் நான்கு பூச்சு

காரின் பெயின்ட் ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்புப் பூச்சு. அதன் மேல் பிரைமர். அடுத்து நாம் பார்க்கும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்'. பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதும் இந்த மேல் பூச்சுதான்.

நான்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். ஆபீஸ் பிரின்டரில் போடும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் சுமார் 100 மைக்ரான். அதாவது ஒரு தாள், மிஞ்சினால் ஒன்றரைத் தாள். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். கீறல் இந்த எல்லைக்குள் நின்றுவிட்டதா, தாண்டிவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் கழுவுங்கள்

கைக்குட்டையை எடுத்து உடனே தேய்த்துப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். அதுதான் முதல் தப்பு. மேலே இருக்கும் மண்துகள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்து, ஒரு கோட்டைச் சுற்றி நூறு மெல்லிய கோடுகளைப் போட்டுவிடும்.

முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி, கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். இப்போது மூன்று சோதனைகள்.

ஒன்று, கை சோதனை. கோடு பள்ளமாக இல்லாமல் மேடாகத் தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் உங்கள் கார் இழந்த பெயின்ட் அல்ல; இடித்த வண்டி விட்டுச்சென்ற பெயின்ட் அல்லது பிளாஸ்டிக். மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

இரண்டு, தண்ணீர் சோதனை. கோட்டின் மேல் சில துளிகள் விடுங்கள். நனைந்ததும் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால், கிளியர் கோட்டில் மட்டும்தான் காயம்.

மூன்று, நகச் சோதனை. கோட்டுக்குக் குறுக்கே விரல் நகத்தை லேசாக ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டமான கீறல். நகம் மாட்டினால் ஆழமானது. உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. வெள்ளியாக மின்னினால் இரும்பு வெளியே வந்துவிட்டது. பழுப்பாக இருந்தால் துரு ஏற்கெனவே குடியேறிவிட்டது.

நகம் மாட்டவில்லையா? பாலிஷ் போதும்

இதற்கு ரப்பிங் காம்பவுண்டோ ஸ்கிராட்ச் ரிமூவரோ போதும். நிழலில், உடம்பு சூடு இல்லாத காரில், பட்டாணி அளவு எடுத்து, கோட்டின் மேல் மட்டும் மிதமான அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். துடைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு முறை. கடைசியில் வாக்ஸ்.

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி, பள்ளத்தின் விளிம்பை மழுக்குகிறது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்த 40, 50 மைக்ரானில் கொஞ்சம் போகிறது. போனது திரும்ப வராது. முழுவதும் மறையாவிட்டாலும், இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

டூத்பேஸ்ட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் இருக்கும் நுண்ணிய அரைப்புத் துகள்கள் மிக லேசான கோட்டை மங்கலாக்கும். அதைவிட ஆழமான கீறலில் பள்ளத்துக்குள் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, சரியானது போல ஏமாற்றும். அடுத்த மழையில் சாயம் வெளுத்துவிடும்.

நகம் மாட்டினால் டச்-அப்

முதலில் பெயின்ட் கோடு வேண்டும். 'வெள்ளை கார்' என்று கடையில் கேட்டு வாங்கினால் நிறம் பொருந்தாது. பானெட்டுக்கு அடியிலோ, கதவுத் தூணிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அல்லது தகட்டில் அந்தக் குறியீடு இருக்கும். இல்லாவிட்டால் சேசிஸ் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

கீறலை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். துரு இருந்தால், மெல்லிய உப்புத்தாளைச் சின்னதாக மடித்து, பள்ளத்துக்குள் மட்டும் தேய்த்து எடுங்கள். இரும்பு தெரியும் இடத்தில் முதலில் பிரைமர்; அது காய்ந்த பிறகு நிறம். பாட்டிலோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். பல்குச்சி நுனியோ, மிக மெல்லிய ஓவியப் பிரஷ்ஷோ நல்லது. ஒரே தடவையில் நிரப்பாமல் மெல்லிசாக இரண்டு மூன்று முறை வைத்து, ஒவ்வொன்றையும் காயவிட வேண்டும். கடைசியில் கிளியர் கோட். ஒரு வாரம் கழித்துத்தான் பாலிஷ். மழை நாளிலும் உச்சி வெயிலிலும் இந்த வேலை வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெள்ளை, கறுப்பு ஓரளவு நன்றாகவே சேரும். சில்வர் போன்ற மெட்டாலிக் நிறங்களில் அலுமினியத் துகள் இருப்பதால், பிரஷ்ஷில் வைத்தது ஒரு கோணத்தில் தனியாகத் தெரியும். முத்து வெள்ளை இன்னும் சிரமம். வெயிலில் நின்று மங்கிய பழைய காரில், கோடு சரியாக இருந்தாலும் புது பெயின்ட் எடுப்பாகத் தெரியலாம். டச்-அப்பின் முதல் வேலை அழகு அல்ல, துருவைத் தடுப்பது.

எது அவசரம்?

பம்பர் பிளாஸ்டிக். அதில் எவ்வளவு ஆழமாகக் கீறினாலும் துருப்பிடிக்காது. பிடித்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கதவு, பானெட், கூரை அப்படியல்ல. இரும்பு தெரிந்துவிட்டால் அந்த வார இறுதியைத் தாண்ட வேண்டாம். சென்னை போன்ற கடலோர நகரத்தில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து துருவை வேகப்படுத்தும். துரு பெயின்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து போகும். மேலே கொப்புளம் கிளம்பும்போது உள்ளே பெரிய வட்டமாகப் பரவியிருக்கும். அதன் பிறகு டச்-அப் உதவாது. சுரண்டி, பட்டி பார்த்து, பேனல் முழுக்க பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

இன்சூரன்ஸ் கணக்கு

நெளிசலோடு சேர்ந்த நீளமான கீறல் என்றால் டிங்கரிங், பெயின்டிங் தேவைப்படும். அப்போது ஒர்க்‌ஷாப்பில் வரும் முதல் கேள்வி: "க்ளெய்ம் போட்ரலாமா சார்?" பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு கதவுக்கு மொத்த பில் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பாலிசியில் பெயின்டிங் பில்லின் 25 சதவிகிதத்தைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். இங்கே 500 ரூபாய். 1,500 சிசி வரையிலான காரில் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். மிச்சம் கையில் வருவது 2,500.

இப்போது மறுபக்கம். க்ளெய்ம் போடாமல் இருந்தால் 'ஓன் டேமேஜ்' பிரீமியத்தில் நோ க்ளெய்ம் போனஸ் ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று ஏறும். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு பூஜ்ஜியத்துக்கு இறங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், வரும் ஆண்டு 50 சதவிகிதம் கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர் க்ளெய்ம் போட்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது 5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500. கார் பழசாகப் பழசாக பிரீமியம் குறையும் என்பதால் உண்மைத் தொகை கொஞ்சம் குறையலாம். ஆனால் முதல் ஆண்டு இழப்பே கையில் வந்த 2,500-ஐப் போல இரண்டு மடங்கு. இந்த போனஸ் காருக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். புது கார் வாங்கினால் அதற்கும் மாற்றிக்கொள்ளலாம். அதையும் சேர்த்தே இழக்கிறோம்.

'பம்பர் டு பம்பர்' எனப்படும் ஜீரோ டெப் பாலிசியில் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் போனஸ் போவது போவதுதான். அதைக் காப்பாற்றத் தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் கணக்கு மாறும். எத்தனை க்ளெய்ம் வரை அனுமதி என்பதையும் பாலிசியில் பாருங்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் கார் பெயின்ட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.

மூன்று நான்கு பேனல்கள் ஒரே சம்பவத்தில் அடிபட்டு, பில் பெரிதாக வந்தால் க்ளெய்ம்தான் லாபம். அப்போது வேலையைத் தொடங்கும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். சரிசெய்த பிறகு சொன்னால் சர்வேயர் பார்க்க எதுவும் இருக்காது.

அந்தக் காலைக்குத் திரும்புவோம். எட்டரை மணிக்குச் செய்ய வேண்டியது ஒரு போட்டோ, அவ்வளவுதான். சாயங்காலம் வந்து கழுவி, தண்ணீர் விட்டு, நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கினால் நிம்மதியாகத் தூங்கலாம். மாட்டினால், அடியில் என்ன நிறம் என்று பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்து பெயின்ட் கோடைக் குறித்துக்கொள்ளுங்கள்.